0-7 தோற்ற மேட்சை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: உங்கள் கால்பந்து அணி 0-7 என்று தோற்றிருக்கிறது. கூடவே ஆதரிக்கும் நண்பர்கள் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள். வீரர்களுக்கு உணர்வே இல்லை. மேனேஜரை இன்றைக்கே நீக்க வேண்டும். இந்த சீசன் முடிந்தது. "இதில் எது நியாயம், எது வெறும் ஆத்திரம், அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு என்ற அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இதற்குள் இருக்கும் நிஜமான கேள்வி. சுருக்கமான பதில்: முதல் இரண்டு கோல்களிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம், கடைசி மூன்று நான்கிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் அந்தக் கடைசி நான்கின் மேல்தான் போய் விழுகிறது. மேட்ச் வீடியோவை வெட்டி அலசுகிறவர்கள் இப்படிப்பட்ட தோல்வியை எப்படி அணுகுவார்கள் என்பதை விரிவாகச் சொல்கிறேன், நீங்களே செய்து பார்க்கலாம்.

முதல் வேலை, மேட்சை இரண்டாக வெட்டுவது. போட்டி என்ற அளவில் அது எந்த நிமிடத்தில் முடிந்தது என்று பாருங்கள். வழக்கமாக மூன்றாவது கோல் வித்தியாசம் விழும் இடம், அல்லது ரெட் கார்டு வந்த இடம். அதற்குப் பிறகு நடப்பது வேறொரு ஆட்டம். 0-3 பின்தங்கிய அணிக்கு இரண்டு வழிகள் உண்டு: மொத்தமாக மேலேறி ஆடுவது, அல்லது மொத்தமாகப் பின்வாங்கி அடைத்துக்கொள்வது. இரண்டுமே ஆபத்துதான். ஆனால் இரண்டையும் விட மோசமானது பாதி அணி ஒன்றையும் மீதி அணி இன்னொன்றையும் செய்வது. ஃபார்வர்டுகள் அவமானத்தில் பந்தைத் துரத்தி மேலே ஓடுகிறார்கள். இன்னொரு கோல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் டிஃபெண்டர்கள் கீழே இறங்குகிறார்கள். ஒழுங்காக நிற்கும் அணியில் கடைசி டிஃபெண்டருக்கும் முதல் ஃபார்வர்டுக்கும் நடுவே சுமார் 30, 35 மீட்டர் இருக்கும். இப்போது அது 50 மீட்டராக இழுபடும். நடுவே எதிரணி மிட்ஃபீல்டர் பந்தை வாங்கி, நிதானமாகத் திரும்பி, தலைநிமிர்ந்து பார்த்து பாஸ் கொடுக்கிறார். அதோடு எதிரணி மேனேஜர் புதிய கால்களை இறக்குகிறார். இப்போது ஐந்து மாற்றுகள் வரை அனுமதி. தோற்கும் மேனேஜரோ அடுத்த மேட்சை நினைத்து முக்கியமானவர்களை வெளியே எடுத்துவிடுகிறார். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது கோல்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அவற்றை வைத்து ஒரு சென்டர் பேக்கின் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்) தரத்தை முடிவு செய்வது அநியாயம்.

கோல்கள் ஏன் கொத்தாக விழுகின்றன என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 2014 ஜூலை 8, பெலோ ஒரிசோன்டேவில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 தோற்ற அரையிறுதி. ஜெர்மனியின் கோல்கள் விழுந்த நிமிடங்களைப் பாருங்கள்: 11, 23, 24, 26, 29, பிறகு இரண்டாம் பாதியில் 69, 79. முதல் கோல் கார்னரிலிருந்து வந்தது. கோல் அடித்த முல்லரை யாரும் பிடிக்கவில்லை. அது எந்த அணிக்கும் நேரக்கூடிய தவறு. மேட்ச் உடைந்தது 23க்கும் 29க்கும் நடுவே. அதிலும் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது 26வது நிமிடத்தில்: 24வது நிமிட கோலுக்குப் பிறகு கிக் ஆஃப் எடுத்த பிரேசில், தன் கோலுக்கு அருகிலேயே ஃபெர்னாண்டின்யோவின் காலிலிருந்து பந்தைப் பறிகொடுத்தது. ஜெர்மனியின் க்ரூஸும் கெதிராவும் இரண்டு பாஸில் வேலையை முடித்தார்கள். கோல் வாங்கிய அணியே மறு கிக் ஆஃப் எடுக்க வேண்டும் என்பது விதி. மனது கலங்கியிருக்கும் அந்த நேரத்தில் பந்தைக் கையில் கொடுத்து "ஆடு" என்று சொல்வது போன்றது அது. உடனே திருப்பி அடிக்க வேண்டும் என்று ஃபுல்பேக்குகளை (இரு ஓரத்து டிஃபெண்டர்கள்) மேலே அனுப்பினால், பந்து பறிபோகும் இடத்துக்குப் பின்னால் ஆளே இருக்காது. கேப்டன் தியாகோ சில்வா மஞ்சள் அட்டைத் தடையால் இல்லை, நெய்மார் முதுகெலும்புக் காயத்தால் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆறு நிமிடங்களைத் தடுக்க நட்சத்திரம் தேவைப்படவில்லை; பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்துவிட்டு மூச்சு வாங்க ஒருவர் போதும். இன்னொன்று, அந்த மேட்சில் பிரேசில் 18 ஷாட், ஜெர்மனி 14. பந்து வைத்திருந்த நேரமும் பிரேசிலுக்கே சற்று அதிகம். புள்ளிவிவரப் பலகையைப் படம் பிடித்துப் போட்டு வாதாடும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வெட்டிய பிறகு, ஒவ்வொரு கோலுக்கும் 20 வினாடி பின்னால் போங்கள். கோல் அடித்த ஷாட்டைப் பார்த்துப் பயனில்லை, அது விளைவு. நான்கு விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். உங்கள் அணி பந்தை எங்கே இழந்தது. இழந்த நொடியில் பந்துக்குப் பின்னால் உங்கள் ஆட்கள் எத்தனை பேர். கடைசி பாஸ் கொடுத்தவர் மேல் யாராவது அழுத்தம் போட்டார்களா. கோல் அடித்தவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் அப்போது எங்கே இருந்தார். ஏழு கோல்களுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஏழில் நான்கு ஒரே இடத்தில் தொடங்கினால், உதாரணமாக வலது ஃபுல்பேக் மேலேறிய பின் அவருக்குப் பின்னால் கிடக்கும் வெற்றிடத்தில், அது அமைப்பின் குறை. அந்தக் கணக்கு மேனேஜருடையது. ஒன்று டிஃபெண்டர் மேல் பட்டுத் திசை மாறியது, ஒன்று கோல்கீப்பர் கைநழுவல், ஒன்று பெனால்டி, ஒன்று முப்பது மீட்டரிலிருந்து பறந்தது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தால், கெட்ட நாள் என்றுதான் சொல்ல முடியும். கார்னர், ஃப்ரீகிக் கோல்களைத் தனியாக வையுங்கள். அவை பயிற்சி மைதானத்தில் ஒரு வாரத்தில் சரிசெய்யக் கூடியவை; மேலே சொன்ன வெற்றிடம் அப்படியில்லை.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. டிவி கேமரா பந்தைத்தான் பின்தொடரும். பந்து இழந்த நொடியில் உங்கள் சென்டர் பேக் திரைக்கு வெளியே இருந்திருக்கலாம். கிளப்புகள் மைதானம் முழுவதும் தெரியும் கோணத்தில் எடுத்த வீடியோவை வைத்துப் பார்க்கின்றன. ரசிகர்களுக்கு அது கிடைப்பது அபூர்வம். "அவர் எங்கே நின்றார்?" என்று தெரியாத கோலுக்கு யார் மேலும் பழி போடாமல் விட்டுவிடுங்கள். மேனேஜர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதும் நமக்குத் தெரியாது. மேலேறிய ஃபுல்பேக் சொன்னதைச் செய்தாரா, மீறினாரா என்பதை வீடியோ சொல்லாது.

"ஓடவே இல்லை, உணர்வே இல்லை" என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். பெரிய தோல்விக்குப் பிறகு அதிகம் கேட்பதும், அதிகம் தவறாகப் போவதும் இதுதான். பந்தைத் துரத்தும் அணி பெரும்பாலும் நிறையவே ஓடியிருக்கும். பந்து வைத்திருப்பவரை நெருக்க (பிரஸ் செய்ய) ஒருவர் மட்டும் தனியாக ஓடுவார், பின்னாலிருப்பவர்கள் கூட வர மாட்டார்கள், எதிரணி ஒரு பாஸில் அவரைத் தாண்டிவிடும், அவர் திரும்பி ஓடுவார். தூரம் கூடும், பலன் இல்லை. 0-5இல் தலை குனிந்து நடப்பவரைப் பார்த்து மனப்பான்மையை எடைபோடுவதும் வீண்; அந்த நேரத்தில் உலகின் எந்த அணியும் அப்படித்தான் தெரியும். உழைப்பைப் பார்க்க வேண்டிய இடம் 0-0, 0-1 இருக்கும்போது. பந்து இழந்த முதல் ஐந்து வினாடியில் பக்கத்திலிருந்த மூன்று பேர் அசைந்தார்களா? ஃபார்வர்டைத் தாண்டிப் பந்து போனதும் அவர் திரும்பி வந்தாரா, இடுப்பில் கைவைத்து நின்றாரா? அப்போதே நின்றிருந்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி, நானும் அவர்கள் பக்கம்.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கு எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கப்படும் கோல்கள்) ஓரளவு உதவும். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை மதிப்பிட்டு, எல்லாவற்றையும் கூட்டிக் கிடைக்கும் எண் அது. பெனால்டி ஒன்றின் மதிப்பு முக்கால் கோலுக்குச் சற்று மேலே. பெட்டிக்கு வெளியேயிருந்து அடிக்கும் சாதாரண ஷாட் நூற்றில் சில பங்குதான். எதிரணியின் எக்ஸ்ஜி 2 என்றால், ஏழு அல்லது அதற்கு மேல் கோல் விழும் வாய்ப்பு இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. 3 என்றால் நூற்றில் மூன்று. 4 என்றால் நூற்றில் பதினொன்று. இது பாய்சான் பரவல் என்ற எளிய கணக்கு. ஆகவே எக்ஸ்ஜி 2.5 சுற்றி இருக்க ஏழு விழுந்திருந்தால், எதிரணி அடித்ததெல்லாம் போன நாள் என்று சொல்லலாம். 4க்கு மேல் போயிருந்தால் டிஃபென்ஸ் நிஜமாகவே கிழிந்திருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு கோலும் தனித்தனியாக விழுகிறது என்று வைத்துக்கொள்கிறது. இரண்டாவது கோல் மூன்றாவதை இழுத்து வரும் மேட்சில் அந்த அனுமானமே ஆட்டம் காண்கிறது. சேம்சைட் கோல்களும் எக்ஸ்ஜியில் வராது. எனவே இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

மேனேஜரை நீக்குவது பற்றி. 2019 இலையுதிர்காலத்தில் எட்டு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு மேட்சுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். அக்டோபர் 25 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் சொந்த மைதானத்தில் லெஸ்டரிடம் 0-9 தோற்றது. 12வது நிமிடத்திலேயே பெர்ட்ரண்டுக்கு ரெட் கார்டு. நவம்பர் 2 அன்று ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1-5 தோற்றது. அங்கேயும் பத்து நிமிடம் ஆவதற்குள் போவாட்டெங்குக்கு ரெட் கார்டு. சவுத்தாம்ப்டன் தன் மேனேஜர் ஹாசன்ஹுட்டலை வைத்துக்கொண்டது. அதே சீசனில் லெஸ்டர் மைதானத்துக்கே போய் 2-1 ஜெயித்து 11வது இடத்தில் முடித்தது. பயர்ன் தன் மேனேஜர் கோவாச்சை மறுநாளே அனுப்பிவிட்டு ஃப்ளிக்கிடம் பொறுப்பைக் கொடுத்தது. அந்த சீசனில் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது, நடுவே பார்சிலோனாவை 8-2 என்று வதைத்தது. இரண்டு முடிவுமே பலித்தன. ஒன்பது வாங்கியவர் தங்கினார், ஐந்து வாங்கியவர் போனார். ஸ்கோரில் அதற்கான காரணத்தைத் தேட முடியாது. பயர்னில் கோவாச்சின் மேல் அதிருப்தி அந்த மேட்சுக்கு முன்பே வளர்ந்திருந்தது. அந்தத் தோல்வி கடைசி அடி மட்டுமே.

பொதுவாக என்ன நடக்கிறது என்றால், நெதர்லாந்து முதல் நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான தரவை பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். மேனேஜரை மாற்றிய அணிகள் மாற்றத்துக்குப் பிறகு மேம்பட்டன. ஆனால் அதே அளவு சரிவில் இருந்தும் மாற்றாத அணிகளும் அதே அளவு மேம்பட்டன. அடிமட்டத்தில் இருக்கும்போது ஆளை மாற்றுகிறார்கள், அங்கிருந்து எப்படியும் ஓரளவு ஏறும், புகழ் புதியவருக்குப் போகிறது. இது சராசரி பற்றிய முடிவு. பயர்ன் மாதிரி தனி ஒரு கிளப்பில் மாற்றம் பெரிதாக வேலை செய்யவே செய்யாது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. என் கருத்து: ஒரு மேட்சுக்காக நீக்கக் கூடாது. முந்தைய ஐந்தாறு மேட்சுகளின் கோல்களையும் மேலே சொன்ன நான்கு கேள்விகளோடு பாருங்கள். 1-2, 0-1 என்று தோற்ற அந்த மேட்சுகளிலும் அதே இடத்தில் ஓட்டை தெரிந்தால், ஏழு கோல் புதுச் செய்தியல்ல, ஏற்கெனவே இருந்த நோயின் ஸ்கேன். அப்போது நீக்கும் பேச்சுக்கு அடிப்படை இருக்கிறது.

சீசன் முடிந்ததா? 2023 மார்ச் 5 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் 0-7 தோற்றது. 43வது நிமிடம் வரை 0-0. நான்கு நாள் கழித்து அதே பதினொரு பேரை இறக்கி ரியல் பெட்டிஸை 4-1 வென்றார் யுனைடெட் மேனேஜர் டென் ஹாக். சீசன் முடிவில் யுனைடெட் மூன்றாவது, ஏழு கோல் அடித்த லிவர்பூல் ஐந்தாவது. இன்னும் பின்னால் போனால் 1954 உலகக் கோப்பை: ஜூன் 20 அன்று மேற்கு ஜெர்மனி ஹங்கேரியிடம் 3-8 தோற்றது, ஜூலை 4 இறுதிப் போட்டியில் அதே ஹங்கேரியை 3-2 வென்றது. ஆனால் அந்த 3-8இல் முக்கிய ஆட்கள் பலர் ஓய்வில் இருந்தார்கள், எனவே அதை ஆறுதலாகச் சொல்வது கொஞ்சம் ஏமாற்று. மறுபக்கமும் உண்டு. 1995 மார்ச்சில் 0-9 வாங்கிய இப்ஸ்விச்சும், 2023 செப்டம்பரில் சொந்த மைதானத்தில் நியூகாசிலிடம் 0-8 வாங்கிய ஷெஃபீல்ட் யுனைடெட்டும் அந்தந்த சீசனிலேயே கடைசி இடத்தில் முடித்து கீழ் லீக்குக்கு இறங்கின. மீண்டெழுந்த கதைகளைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஏற்கெனவே புள்ளிப் பட்டியலில் எங்கே இருந்தீர்கள் என்பதே நல்ல குறி, ஸ்கோர் அல்ல.

கடைசி நான்கு கோல்களிலிருந்து அணியின் தரம் தெரியாது என்றேன். ஆனால் அவற்றுக்கு விலை உண்டு, ரசிகர்கள் இதற்குக் கோபப்பட முழு உரிமை இருக்கிறது. 2011 அக்டோபர் 23, ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் சிட்டி யுனைடெட்டை 6-1 வென்ற மேட்சை எடுங்கள். 47வது நிமிடத்தில் ஜானி எவன்ஸுக்கு ரெட் கார்டு, அப்போது ஸ்கோர் 0-1. பத்துப் பேரோடு யுனைடெட் மேலேறி ஆடிக்கொண்டே இருந்தது. 81வது நிமிடத்தில் ஃப்ளெட்சர் ஒன்று அடித்து 1-3 ஆனதும் இன்னும் மேலேறினார்கள். கடைசி சில நிமிடங்களில் மூன்று விழுந்தன. சீசன் முடிவில் இரண்டு அணிகளுக்கும் 89 புள்ளிகள். கோல் வித்தியாசம் சிட்டிக்கு 64, யுனைடெட்டுக்கு 56. பட்டம் சிட்டிக்கு. ரெட் கார்டு வந்தபோதிருந்த 0-1லேயே யுனைடெட் அடைத்துக்கொண்டு தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள்: இரண்டு அணிகளும் 88 அடித்து 28 வாங்கியிருக்கும், வித்தியாசம் இருவருக்கும் 60. அன்றைய விதிப்படி பட்டத்தை முடிவு செய்ய நடுநிலை மைதானத்தில் தனி மேட்ச் வைத்திருக்க வேண்டும். மற்ற எல்லா மேட்சும் அப்படியே நடந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. ஆனாலும் "தோற்றதுதான் தோற்றோம், ஒன்றில் என்ன ஏழில் என்ன" என்பவருக்கு இது போதும்.

எனவே பத்துப் பேராகிவிட்டாலோ மூன்று கோல் பின்தங்கினாலோ, செய்ய வேண்டியது கூச்சமில்லாமல் அடைப்பது: நான்கு பேர் ஒரு வரிசை, அவர்களுக்குப் பத்து மீட்டர் முன்னால் இன்னொரு நான்கு பேர், முன்னே ஒருவர். ஃபுல்பேக்குகள் பாதிக் கோட்டைத் தாண்டக் கூடாது. கோல் கிக்கைக் குட்டையாக ஆடாமல் நீளமாக அடிக்க வேண்டும். விங்கரை எடுத்துவிட்டு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை அனுப்ப வேண்டும். இதை உங்கள் மேனேஜர் செய்தாரா, எந்த நிமிடத்தில் செய்தார் என்பது நியாயமான கேள்வி. உங்கள் லீக் எந்த விதியில் நடக்கிறது என்றும் பாருங்கள். பிரீமியர் லீக்கில் புள்ளி சமமானால் முதலில் கோல் வித்தியாசம். ஸ்பெயினில் நேருக்கு நேர் மோதிய மேட்சுகளின் முடிவு முதலில் வரும். அங்கே அந்த ஒரு எதிரணியோடு புள்ளி சமமானால் மட்டுமே ஏழு கோல் பெரிதாக வலிக்கும்.

இனி ரசிகர்கள் பக்கம். தோல்வியின் வலி வெற்றியின் மகிழ்ச்சியை விடப் பெரிது. பிரிட்டனில் கைபேசிச் செயலி வழியாக மக்களின் மனநிலையைத் திரட்டிப் பார்த்த டால்டன், மக்கெரன் ஆய்வில், மேட்ச் முடிந்த முதல் மணி நேரத்தில் தோற்ற ரசிகர்களின் சரிவு ஜெயித்தவர்களின் ஏற்றத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த மணி நேரத்தில் எழுதும் எதுவும் அணியைப் பற்றியதாக இருக்காது. மைதானத்தில் கடைசி விசிலுக்குக் கூச்சலிடுவது, பாதியில் எழுந்து போவது, காசு கொடுத்தவரின் உரிமை. வீரரின் சமூக ஊடகப் பக்கத்தில் போய்க் குடும்பத்தையும் நிறத்தையும் இழுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆர்சனல் 2011இல் ஓல்ட் டிராஃபோர்டில் 2-8 தோற்ற பிறகு அங்கே வந்திருந்த ரசிகர்களுக்கு இன்னொரு வெளியூர் மேட்ச் டிக்கெட்டை இலவசமாகத் தந்தது. சவுத்தாம்ப்டன் வீரர்கள் அந்த 0-9 நாளின் சம்பளத்தைக் கிளப்பின் தொண்டு அமைப்புக்குக் கொடுத்தார்கள். மரியாதையான செயல்கள், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டத்தில் எதையும் அவை மாற்றாது.

மாற்றக் கூடியது வேறு. அதே ஆர்சனல், ஃபாப்ரிகாஸையும் நாஸ்ரியையும் விற்றுவிட்டு அவர்களுக்கு ஈடு வாங்காமல் அந்த மேட்சுக்குப் போயிருந்தது. தோல்வி நடந்தது ஆகஸ்ட் 28. 31ஆம் தேதி இரவு வீரர் சந்தை மூடுவதற்குள் மெர்ட்டசாக்கர், ஆர்ட்டெட்டா உட்பட ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். சீசனை மூன்றாவதாக முடித்தார்கள். தோல்விதான் நிர்வாகத்தை உலுக்கியது என்று நிரூபிக்க முடியாது, பேச்சுவார்த்தைகள் முன்பே நடந்திருக்கலாம். ஆனால் ரசிகர் குரலை எங்கே திருப்பலாம் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி: யாரை விற்றீர்கள், அந்த இடத்துக்கு யார், காயம்பட்டவருக்கு மாற்று ஏன் இல்லை. இதற்கெல்லாம் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். "உணர்வு இல்லை" என்பதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மேட்சில் ஸ்கோரைப் பார்க்காமல் மூன்றைப் பாருங்கள். பின்வரிசை முந்தைய மேட்சை விட எத்தனை மீட்டர் கீழே நிற்கிறது. உங்கள் தாளில் அதிகம் வந்த அந்த இடத்தில் இப்போது யார் நிற்கிறார், அவர் மேலேறும்போது யார் வந்து மூடுகிறார். மூன்றாவது, உங்கள் அணி எப்படியும் ஒரு கோல் வாங்கும். வாங்கிய பிறகான ஐந்து நிமிடத்தில் கிக் ஆஃபைப் பின்னால் அனுப்பி நிதானமாக ஆடுகிறார்களா, அல்லது ஃபுல்பேக்குகள் இரண்டு பேரும் உடனே மேலே பறக்கிறார்களா. பறந்தால் நிமிடத்தைக் குறித்து வைத்து உங்கள் நண்பர்களுக்கு அனுப்புங்கள். மேனேஜர் விஷயத்தில் அவர்கள் சொல்வதை நானும் அப்போது மறுக்க மாட்டேன்.